தாகாவில் ஆயுள் வளர்த்தவர்கள்

ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவுக்குக் கிழக்கே, ஹிகோனே நகரை அடுத்து, தாகா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள தாகா தைஷா என்னும் ஷிண்டோ கோயிலை அந்த வட்டாரத்தார் 'ஓ-தாகா-சான்' என்பார்கள். வீட்டுப் பெரியவரை விளிப்பது போன்ற உரிமையும் மரியாதையும் கலந்த பெயர் அது. நோய் நீங்கவும் ஆயுள் கூடவும் நல்லது நடக்கவும் வேண்டிக்கொள்ளும் கோயில் என்று நாடு முழுவதும் அதற்குப் பெயர். வருகிறவர்கள் வெள்ளைக் கூழாங்கல்லில் தம் பெயரையும் வேண்டுதலையும் எழுதி, 'ஆயுள் கல்' எனப்படும் பாறையருகே வைத்துவிட்டுப் போகிறார்கள். அகப்பை வடிவில் செய்த மரப் பலகைகளிலும் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிறார்கள். கோயில் முன்னுள்ள கடைகளில் கத்தி படாமல் நூலால் அறுத்த அரிசி மாவுக் கொழுக்கட்டை விற்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் தொல்பழங்காலத்திலிருந்து அறுபடாமல் வந்த ஷிண்டோ வழக்கம் போலத் தோன்றும். கோயிலைப் பற்றிய அறிமுகங்களும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லிச் செல்கின்றன. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. தாகாவின் தெய்வங்களை ஆயுள் தரும் தெய்வங்களாக நாடறியச் செய்தவர்கள் பௌத்தத் துறவிகள். அவர்கள் இருந்த பாதி 1868-க்குப் பிறகு கோயிலிலிருந்து நீக்கப்பட்டது. அந்தப் பாதியை நினைவில் வைக்காமல் தாகாவின் ஆயுள் வழிபாட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பழைய ஏடுகள். தாகாவில் குடிகொண்டிருப்பவர்கள் இஸானாகி, இஸானாமி என்னும் ஆதித் தம்பதியர். ஜப்பானியத் தீவுகளையும் பல தெய்வங்களையும் ஈன்றவர்கள். 712-இல் தொகுக்கப்பட்ட கோஜிகி, இஸானாகி இறுதியில் எங்கே அமர்ந்தார் என்பதைச் சொல்கிறது. ஆனால் அதன் படிகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. ஒரு வகைப் படியில் அந்த இடம் ஓமி நாட்டுத் தாகா, அதாவது இந்த ஊர். இன்னொரு வகைப் படியில் அவாஜித் தீவின் தாகா. இரண்டு பெயருக்கும் முதல் சித்திர எழுத்து ஒன்றே. இரண்டாவது எழுத்து 'கடல்' என்றிருந்தால் ஓமி, 'வழி' என்றிருந்தால் அவாஜி. படியெடுத்தவரின் தூரிகை எந்தப் பக்கம் திரும்பியது என்பதில் ஒரு கோயிலின் தொன்மையே தொங்கிக்கொண்டிருக்கிறது. எட்டே ஆண்டு கழித்து, 720-இல் முடிந்த நிஹோன் ஷோகி, இஸானாகி அவாஜியில் மறைவிடம் அமைத்துக்கொண்டார் என்கிறது. அவாஜியில் இன்றும் இஸானாகிக்குப் பெருங்கோயில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரும் தாகாதான். 927-இல் நிறைவுற்ற எங்கிஷிகி என்ற அரசுச் சட்டத் தொகுப்பு, நாட்டின் கோயில்களைப் பட்டியலிடும்போது ஓமியின் இனுகாமி வட்டத்தில் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டு, இரு தெய்வங்கள் உறைவதாகச் சொல்லி, சிறு கோயில்களின் வரிசையில் வைக்கிறது. இனுகாமி என்பது அங்கு வாழ்ந்த ஒரு குலத்தின் பெயர். 630-இல் சீனத்துத் தாங் அரசவைக்குச் சென்ற முதல் ஜப்பானியத் தூதுக்குழுவில் இடம்பெற்ற இனுகாமி நோ மிதசுகி அந்தக் குலத்தவர். தொடக்கத்தில் தாகா அந்தக் குலத்தின் முன்னோர் கோயிலாக இருந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. எப்படியானாலும், பத்தாம் நூற்றாண்டு வரையிலான இந்த ஏடுகள் காட்டுவது ஓர் உள்ளூர்க் கோயிலை. ஆயுளைப் பற்றி அவை அந்தக் கோயிலோடு சேர்த்து எதுவும் பேசவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். உயிர்களைப் பெற்ற தம்பதியரிடம் உயிரை நீட்டிக் கேட்பது இயல்புதானே, அதற்குத் துறவிகள் எதற்கு? கோஜிகியிலேயே அதற்கு இடம் இருப்பதாகவும் காட்டலாம். நெருப்புத் தெய்வத்தை ஈன்றபோது வெந்து இறந்த இஸானாமியைத் தேடி இஸானாகி பாதாளம் போகிறார். அழுகிய உருவத்தைக் கண்டு அஞ்சி ஓடி வருகிறார். பாதாள வாயிலைப் பாறையால் அடைத்தபின், உன் நாட்டில் நாளொன்றுக்கு ஆயிரம் பேரைக் கொல்வேன் என்கிறாள் அவள். நான் நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு பேறுகால மனைகள் எழுப்புவேன் என்கிறார் அவர். வலுவான கதை, சந்தேகமில்லை. ஆனால் அது தரும் ஆறுதல் இனம் பெருகும் என்பதுதான். தனி ஒருவரின் ஆயுள் ஒரு நாள் நீளும் என்ற வாக்கு அதில் இல்லை. பார்க்கப்போனால் மனிதர் ஏன் இறக்கிறார்கள் என்பதற்கான கதை அது. தாகாவின் இரு தெய்வங்களில் ஒருவர் இறப்பின் தலைவியாகவே அதில் முடிகிறார். ஆயுளுக்கென்றே புராணத்தில் வேறொரு பெண் தெய்வம் இருக்கிறாள்: பாறையின் பெயர் தாங்கிய இவானகாஹிமே. விண்ணிலிருந்து இறங்கிய இளவரசன் அழகிய தங்கையை மட்டும் ஏற்று, அழகில்லை என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டதால்தான் அரசர்களின் ஆயுள் பூவைப்போல் குறுகியது என்கிறது கோஜிகி. புராணம் மட்டுமே தீர்மானித்திருந்தால் ஆயுள் வேண்டுவோர் கூட்டம் அவள் வாசலுக்குத்தான் திரண்டிருக்கும். தாகாவுக்குத் திரண்டது என்றால், புராணத்துக்கு வெளியே யாரோ உழைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு அகப்பையைப் பற்றியது. எட்டாம் நூற்றாண்டில், 715 முதல் 724 வரை ஆண்ட பேரரசி கென்ஷோ நோயுற்றபோது, தாகாவின் பூசகர்கள் சோறு சமைத்து, மரத்தில் கடைந்த அகப்பையோடு அனுப்பிவைத்தார்கள். உண்டு அவர் குணமடைந்தார் என்பது கோயில் மரபு. வேண்டுதல் பலகை அகப்பை வடிவில் இருப்பதற்கும் அதுவே காரணம். ஜப்பானிய மொழியில் கரண்டியையும் தவளைக் குஞ்சையும் குறிக்கும் 'ஓதமஜாகுஷி' என்ற சொல்கூட இந்தத் தாகா அகப்பையிலிருந்து வந்ததென்பார்கள். ஒரு கோயிலின் பெயர் அடுக்களை வரை புகுந்து, குட்டையில் நீந்தும் உயிருக்கும் போய் ஒட்டிக்கொண்டது என்றால் அந்த வழிபாடு எவ்வளவு பரவியிருக்க வேண்டும்! ஆனால் அது பரவலுக்குச் சான்று, தொன்மைக்குச் சான்றாகாது. பேரரசியின் உயிரையே மீட்ட கோயில் என்ற புகழ் அன்றே இருந்திருந்தால், இருநூறு ஆண்டு கழித்து அரசே தொகுத்த பட்டியலில் அது சிறு கோயில்களோடு நின்றிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

தாகாவின் ஆயுள் வழிபாட்டுக்கு உண்மையான மையக்கதை வேறு. அதன் நாயகர் ஒரு பௌத்தத் துறவி. உள்நாட்டுப் போரின்போது, 1181 ஜனவரியில், தாய்ரா நோ ஷிகெஹிராவின் படை நாரா நகரைத் தாக்கியதில் தோதாய்ஜி என்னும் பெருவிகாரை எரிந்தது. உள்ளே இருந்த வெண்கலப் பெரும்புத்தரும் உருகிச் சிதைந்தார். அதை மீண்டும் எழுப்ப ஊர் ஊராகப் பொருள் திரட்டும் தலைமைப் பொறுப்பு சோகென் என்ற துறவியிடம் அதே ஆண்டில் ஒப்படைக்கப்பட்டது. 1121-இல் பிறந்த அவருக்கு அப்போது ஜப்பானியக் கணக்கில் வயது 61. நம்முடைய அறுபது ஆண்டுச் சுழற்சியைப் போலவே அங்கும் ஆண்டுகள் அறுபதாகச் சுழல்வதால், அந்த வயது வாழ்க்கை ஒரு சுற்று முடிந்ததன் அடையாளம். சுற்று முடிந்தவர் தலையில் நாட்டின் மிகப் பெரிய கட்டுமானப் பணி. கதை இந்த இடத்தில் தொடங்குகிறது. வேலை முடியும்வரை உயிர் வேண்டும் என்று சோகென் இசே கோயிலில் வேண்டுகிறார். அங்குள்ள சூரிய தேவி அமதெரசு கனவில் வந்து, ஆயுள் நீள வேண்டுமானால் தாகாவுக்குப் போ என்கிறாள். தாகாவில் அவர் வேண்டி நிற்கையில் ஓர் இலை காற்றில் வந்து விழுகிறது. பூச்சி அரித்த தடம் அதில் ஒரு சித்திர எழுத்தாகத் தெரிகிறது. பாயைக் குறிக்கும் எழுத்து அது. ஆனால் மேற்பாதியைப் பிரித்தால் 'இருபது', கீழ்ப்பாதியைப் பிரித்தால் 'நீளுதல்'. இருபது ஆண்டு கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டு அவர் நாரா திரும்பிப் பணியை முடிக்கிறார். பின் நன்றி சொல்லத் தாகா வந்து, ஒரு பாறையருகே உறங்குவதுபோல் உயிர் விடுகிறார். அந்தப் பாறைதான் ஆயுள் கல்.

கதையை வரலாற்றோடு உரசிப் பார்க்கலாம். 1185-இல் பெரும்புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்தது. 1195-இல் பெருமண்டபம் அர்ப்பணிக்கப்பட்டது. 1203-இல் ஒட்டுமொத்த நிறைவு விழா. சோகென் 1206-இல் தம் 86-ஆம் வயதில் தோதாய்ஜியில் காலமானார். ஆகவே தாகாவில் உயிர் விட்ட பகுதி பொருந்தவில்லை. இருபது ஆண்டு என்ற கணக்கும் தோராயமாகத்தான் சேர்கிறது. ஆனால் இசே பயணம் வெறும் கற்பனை இல்லை. 1186-இல் அவரும் தோதாய்ஜித் துறவிகளும் இசேவுக்குச் சென்று பௌத்த சூத்திரத்தை அர்ப்பணித்தது பதிவாகியிருக்கிறது. இசேவின் மரபைத் தெரிந்தவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பது விளங்கும். பௌத்தச் சொற்களே விலக்கான வட்டம் அது. புத்தர், துறவி என்று நேரே சொல்லாமல் மாற்றுச் சொற்களால் குறிப்பார்கள்; மொட்டைத் தலைத் துறவிக்கு அங்கு வழங்கிய மாற்றுப் பெயர் 'நீள்முடி'. அப்படிப்பட்ட இசேவின் தேவியே ஒரு துறவிக்கு வழிகாட்டி, புத்தர் சிலைக்காக அவருடைய ஆயுளை நீட்ட, தன் தந்தையான இஸானாகியிடம் அனுப்புகிறாள் என்று கதை பின்னப்பட்டிருக்கிறது. கதையை யார் சொல்லியிருப்பார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எழுத்தைப் பிரித்துப் படிக்கும் அந்தப் புதிரும் ஏடு படித்தவர்களின் கைவேலை.

கதைக்கு அடியில் கோட்பாடும் இருந்தது. இடைக்கால ஜப்பானில் ஷிண்டோ தெய்வம் ஒவ்வொன்றும் ஒரு புத்தரின் அல்லது போதிசத்துவரின் உள்ளூர் வெளிப்பாடு என்று கருதினார்கள். தாகாவின் மூலப் புத்தராகக் கொள்ளப்பட்டவர் அமிதா. அவருடைய வடமொழிப் பெயர்களில் ஒன்றான அமிதாயுஸ் என்பதற்குத் தமிழ் வாசகருக்கு உரை தேவையில்லை. அளவற்ற ஆயுள் என்பது பெயரிலேயே இருக்கிறது. சீன, ஜப்பானிய மொழிகளிலும் அதை 'அளவிலா ஆயுள்' என்றே மொழிபெயர்த்து வழங்கினார்கள். கோஜிகியில் இஸானாகியிடம் கிடைக்காத ஆயுள் வாக்கு, அவருக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட புத்தரின் பெயரில் கிடைக்கிறது. சோகென் அமிதாவின் பெரும் பக்தர். அமிதாவைத் தொழும் மந்திரத்தையே தம் பெயராகச் சூட்டிக்கொண்டவர். துறவி, புத்தர், தெய்வம் மூவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

கோட்பாடும் கதையும் தாமாக நாடெங்கும் நடந்து போவதில்லை. 1494-இல் தாகாவில் ஃபுதோ-இன் என்ற தெண்டாய் பௌத்த மடம் நிறுவப்பட்டது. தெண்டாய் பிரிவின் தலைமைப் பீடமான ஹியெய் மலை, ஏரிக்கு அக்கரையில் அதே ஓமி நாட்டை ஒட்டி நிற்பது. கோயிலின் உள்ளேயே இயங்கிய இந்த மடத்தின் கீழ் 'போஜின்' எனப்பட்ட ஊர்சுற்றும் பணியாளர்கள் இருந்தார்கள். மலைத் துறவிகளின் கோலத்தில் ஊர் ஊராகப் போய்த் தாகாவின் காப்புச் சீட்டுகளைக் கொடுத்தார்கள்; சோகெனின் கதையைச் சொன்னார்கள்; காணிக்கை பெற்றார்கள்; யாத்திரைக்கு ஆள் சேர்த்தார்கள். பதினாறாம் நூற்றாண்டளவில் வரையப்பட்ட தாகா யாத்திரைப் படங்கள் இன்றும் உள்ளன. கோயில் வளாகத்தையும் வழியையும் யாத்திரிகரையும் ஒரே திரையில் காட்டும் அவை, கூட்டத்தின் முன் விரித்துக் கதை சொல்வதற்கென்று அமைந்தவை. தாகாவுக்கு இன்று நாடெங்கும் 200-க்கும் மேற்பட்ட கிளைக் கோயில்கள் இருப்பதன் வேர் இந்தக் கால்நடைப் பயணங்களில் இருக்கிறது. ஓமியின் தென்பகுதியான கோகாவில் இந்த வேலையைச் செய்த மலைத் துறவிகள் காப்புச் சீட்டோடு மருந்தும் கொண்டுபோனார்கள். நோயாளி வீட்டில் சீட்டைக் கொடுப்பவரிடம் ஒரு மூலிகைப் பொடியும் இருந்தால் வேண்டாம் என்பார் யார்? 1872-இல் அரசு மலைத் துறவு நெறியைத் தடைசெய்தபின், சீட்டு போய் மருந்து மட்டும் மிஞ்சியது. கோகா இன்று மருந்துத் தயாரிப்புக்குப் பெயர் பெற்ற வட்டாரம். ஆயுளைப் பரப்பியவர்கள் யார் என்பதற்கு இதைவிடக் கையில் தொட்டுப் பார்க்கும் சான்று வேறு வேண்டியதில்லை.

மடம் தோன்றி நூறாண்டு ஆவதற்குள் அதன் உழைப்பு எங்கே எட்டியது என்பதை 1588 காட்டுகிறது. அந்த ஆண்டில் ஜப்பானின் பெரும்பகுதியைத் தன் அதிகாரத்தில் வைத்திருந்த தொயொதொமி ஹிதேயோஷியின் தாய் நோயில் விழுந்தார். ஹிதேயோஷி தாகாவுக்கு நேர்ந்துகொண்டார். மூன்று ஆண்டு வேண்டும், முடியாவிட்டால் இரண்டு, அதுவும் இயலாவிட்டால் முப்பது நாளாவது கொடு என்பது வேண்டுதல். காணிக்கை 10,000 கோகு அரிசி. ஒரு கோகு என்பது ஓர் ஆள் ஓராண்டுக்கு உண்ணும் அளவு. தாய் தேறினார், 1592 வரை வாழ்ந்தார். கோயில் முன்னுள்ள வளைந்த கற்பாலம் இன்றும் ஹிதேயோஷியின் பட்டப்பெயரால் தைகோ பாலம் என்று அழைக்கப்படுகிறது. இதைத் தாகாவின் தனிப் பெருமையாகச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்வது நேர்மை: அந்த மகன் ஒரு கோயிலோடு நிற்கவில்லை. கியோத்தோவின் ஃபுஷிமி இனாரிக்கும் இதே போல நேர்ந்துகொண்டார். அங்குள்ள பெருவாயில் அந்த நேர்ச்சையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இதனால் என் வாதம் குறைவதில்லை. தாயைக் காக்க எந்தக் கதவையும் தட்டத் தயாராக இருந்த ஒருவரின் பட்டியலில், பத்தாம் நூற்றாண்டில் சிறு கோயிலாக இருந்த தாகா இடம்பிடித்திருக்கிறது என்பதே செய்தி. பிறகு, எதோ (இன்றைய டோக்கியோ) நகரிலிருந்து நாடு ஆளப்பட்ட காலத்தில் யாத்திரை பெருகியது. எதோவுக்கும் கியோத்தோவுக்கும் இடையிலான மலைவழிப் பெருஞ்சாலையில் தகமியா என்ற ஊரில், 1635-இல் நிறுவிய பதினொரு மீட்டர் உயரக் கல் தோரணம் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். இசேவுக்குப் போகிறவர்கள் தாகாவுக்கும் போக வேண்டும், பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பெற்றோரைப் பார்க்காமல் வரலாமா என்ற பொருளில் மக்கள் பாடினார்கள்.

இனி, மிகக் கடுமையான மறுப்பு. பணம் திரட்டக் கதை கட்டினார்கள், அவ்வளவுதானே. அப்படியானால் வழிபாடே வணிகம் என்றாகாதா? காணிக்கை வந்தது உண்மை. மடம் வளர்ந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கதை என்ன கேட்கக் கற்றுக்கொடுத்தது என்று பார்க்க வேண்டும். சாகாவரம் கேட்கும் கதைகளுக்குக் கிழக்காசியாவில் பஞ்சமில்லை. மருந்து தேடிக் கடல் கடக்க ஆள் அனுப்பிய சீனப் பேரரசர் கதையை ஜப்பானும் அறியும். சோகென் கேட்டது அதுவல்ல. எடுத்த வேலை முடியும்வரை என்று அளவு வைத்துக் கேட்டார். கிடைத்ததும் அளவோடு, இருபது ஆண்டு என்ற எண்ணோடு. வேலை முடிந்ததும் நன்றி சொல்லி, கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதுபோல் அங்கேயே உயிரை வைத்துவிட்டார் என்று கதை முடிகிறது. ஹிதேயோஷி கேட்டது தனக்காக அல்ல. கேட்கும்போதே முப்பது நாள் வரை இறங்கிவந்தார். படையெடுப்புகளால் எண்ணற்ற உயிர்களைப் பறித்த ஒருவரையும், தாயின் ஒரு மாதத்துக்காகக் கையேந்தும் மகனாக நிற்கவைத்த சொல்முறை அது. தனக்கு மட்டும், முடிவே இல்லாமல் என்ற ஆசைக்கு அதில் இடமில்லை. பொருள் திரட்டுவதும் அவர்கள் நெறியில் கொடுப்பவருக்கும் புண்ணியம் சேர்க்கும் பணி. சோகென் வாழ்நாள் முழுவதும் செய்தது அதைத்தான். அந்த வழியில் எழுந்த தோதாய்ஜியின் தெற்குப் பெருவாயில் எண்ணூறு ஆண்டு கடந்து இன்றும் உறுதியாக நிற்கிறது.

1868-இல் புதிய மெய்ஜி அரசு தெய்வங்களையும் புத்தர்களையும் பிரிக்கும்படி ஆணையிட்டது. ஷிண்டோவை அரச வம்சத்தின் தூய மரபாக நிறுவுவது அதன் நோக்கம். தாகாவில் ஃபுதோ-இன் ஒழிக்கப்பட்டது, பௌத்த மண்டபங்கள் வழிபாட்டை இழந்தன, சிலைகள் வெளியேறின. கோயில் அரசின் தரவரிசையில் ஏறியது: 1885-இல் நடுநிலை, 1914-இல் உயர்நிலை. 1947-இல் பெருங்கோயில் என்று பொருள்படும் 'தைஷா' என்ற ஒட்டைப் பெயரில் சேர்த்துக்கொண்டது. இன்று காணும் மரப்பட்டைக் கூரை மண்டபங்கள் 1933-இல் எழுந்தவை. தூய்மைப்படுத்தியதால் பழைய வடிவம் மீண்டது என்று அந்த ஆணையை ஆதரித்தவர்கள் நம்பினார்கள். மீண்டது எந்த வடிவம்? பௌத்தத்தைக் கழித்துவிட்டால் தாகாவில் மிஞ்ச வேண்டியது எங்கிஷிகியின் சிறு கோயில். மக்கள் அப்படிக் கழித்துப் பார்க்கவில்லை. மடத்தை எடுத்தார்கள், மடம் பரப்பிய வேண்டுதலை எடுக்க முடியவில்லை. துறவியின் கதை ஆயுள் கல்லில் இருக்கிறது. மடத்தின் உள்ளறையும் அதன் தோட்டமும் கோயிலுக்குள்ளேயே இருக்கின்றன. அந்தத் தோட்டம் இன்று தேசிய அளவில் பாதுகாக்கப்படும் அழகிடம். இது பழியைப் புதுப்பிப்பதற்காகச் சொல்வதல்ல. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் வெட்டிய கோட்டை என்றும் இருந்த எல்லையாக நினைத்துக்கொண்டு, ஆயுள் வழிபாட்டை வளர்த்தவர்களின் பெயரைக் கதையின் ஓரத்துக்குத் தள்ளுவது தவறு என்பதற்காகச் சொல்வது.

தாகாவின் மூலப் புத்தராக மண்டபத்தில் வீற்றிருந்த மரத்தாலான அமிதா சிலையும் அழியவில்லை. அதே ஊரில் ஷின்யோஜி என்ற சிறு பௌத்தக் கோயில் அதை ஏற்றுக்கொண்டது. அங்கேதான் இன்றும் அமர்ந்திருக்கிறது. தாகாவுக்குப் போகிறவர்கள் ஆயுள் கல்லருகே கூழாங்கல்லை வைத்துவிட்டு, அந்தக் கோயிலுக்கும் போய்விட்டு வாருங்கள்.